அடுப்படியிலிருந்து மேசை வரை, ஒரு சொட்டு சிந்தாமல்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்று வழக்கத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம், ஏன் என்று போகப் போகத் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி இருமல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பதறாதே, நானே என் கையால் எழுதுகிறேன், உன் அம்மா பேனாவைத் தொடவில்லை. ஒரு வருடமாக அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள், கடைசியில் "அப்பாவும் கேட்டதாகச் சொன்னார்" என்று ஒரு வரி போடுவாள். நான் கேட்டது எவ்வளவோ, அவள் போட்டது ஒரு வரி. போனில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவாள், நீயும் "அப்படியா, சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. உட்கார்ந்து படி.

போன மாதம் நீ போனில் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் உன்னோடு வந்து இருக்க வேண்டும், அறை தயார், கட்டில் கூட வாங்கிப் போட்டாகிவிட்டது, அடுத்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றாய். என்னிடம் சொல்லவில்லை, உன் அம்மாவிடம் சொன்னாய். நான் குளியலறையில் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன், கதவு சரியாகச் சாத்தாது என்று உனக்குத் தெரியும். "அவரை அடுப்பு பக்கமே விடாதம்மா"ன்னு நீ சொன்னதும் ஸ்பீக்கரில் கேட்டது, "எங்கடி விடறேன், டீ கூட அரை கப்தான் ஊத்தறேன், முழுசா ஊத்துனா மேல கொட்டிக்குவாரு"ன்னு அவள் சொன்னதும் கேட்டது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அரை கப் என்பதை எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் பயந்ததில் தப்பு இல்லை. முப்பத்தெட்டு வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்த கை இது, ஒரு கோடு பிசகினால் நான் சாப்பிட மாட்டேன். அந்தக் கை ஆட ஆரம்பித்து, ஸ்ப்ரே கன்னை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த இரண்டாம் மாதம் வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்குகிறேன் என்று காலில் கொட்டிக்கொண்டேன். கால் ஆறிவிட்டது, தழும்பு கூட மங்கிவிட்டது, ஆனால் வீட்டில் யாருக்கும் பயம் ஆறவில்லை. டாக்டர் என்ன சொன்னார்? "இது சும்மா நடுக்கம்தான், வேற பெரிய வியாதி ஒண்ணுமில்ல, மாத்திரை சாப்பிடுங்க, ஆனா சும்மா மட்டும் உக்காந்துடாதீங்க"ன்னார். முன்பாதி எல்லார் காதிலும் விழுந்தது. பின்பாதி என் காதில் மட்டும் விழுந்தது. உன் அம்மா என்னைச் சும்மா உட்கார வைப்பதையே ஒரு வேலையாகச் செய்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, எனக்கு எடுத்து மூடி வைத்து, பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய் நாள் பூரா டைப் அடித்துவிட்டு வந்து, மறுபடி அடுப்பில் நிற்பாள். ஞாயிறு கூட அவளுக்குத் தூக்கம் இல்லை. அதையும் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை எடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு காலைச் சாப்பாடு நான் செய்கிறேன், தனியாக, நீ எழுந்திருக்கவே கூடாது என்றேன். என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அந்த ஓவன் டோஸ்ட் என்றேன், நீ போன லீவில் வீடியோவில் செய்து காட்டினாயே, பிரெட்டை முட்டையும் பாலும் கலந்து ஊற வைத்து, அடியில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுச் சுட்டு எடுப்பது, அது. உன் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, பண்ணுங்க. கண்ணாடித் தட்டு, உள்ள பாகு கொதிச்சுட்டு இருக்கும். அடுப்படிலேர்ந்து மேசைக்கு நீங்களே தூக்கிட்டு வரணும், யாரும் கை குடுக்க மாட்டோம். ஒரு சொட்டு சிந்தாம கொண்டு வந்து வச்சீங்கன்னா இந்த வீட்டுலயே இருப்போம், அவகிட்ட நானே சொல்றேன். சிந்துச்சுன்னா பேசாம பொட்டியக் கட்டணும்" என்றாள். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையைப் பார்த்தேன், அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நீ மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்த ஓவன் எங்கே இருக்கிறது என்று கேட்பாய். இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. உன் அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, உள்ளே நூல்கண்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸ் போனதும் நூல்கண்டுகளை வெளியே எடுத்தேன், ஐம்பத்திரண்டு இருந்தது, எந்த நிறம் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன், திரும்ப வைக்கும்போது கண்டுபிடித்துவிடுவாள் அல்லவா. எந்தக் காருக்கும் நேராகப் பெயின்ட் அடிக்க மாட்டோம், முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்துப் பார்ப்போம். அதே மாதிரி சின்னத் தட்டில் நான்கு துண்டு பிரெட்டை வைத்து, கலவையை ஜக்கிலிருந்து மொத்தமாக ஊற்றினேன். ஊற்றியதில் பாதி மேடையில் போயிற்று. மீதியை பிரெட் குடித்துவிட்டு அப்படியே படுத்துவிட்டது. சுட்டு எடுத்தால் மேலே வறட்டி, அடியில் கஞ்சி. போதாததற்குப் பாகு விளிம்பைத் தாண்டிப் பொங்கி ஓவன் அடியில் கருகிப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன். சாயங்காலம் உன் அம்மா முட்டை ஏன் குறைகிறது என்று கேட்டாள். கை நடுங்கி உடைந்துவிட்டது என்று சொன்னேன், பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டாள். இந்த நடுக்கம் எனக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குப் படுத்துக்கொண்டே யோசித்தேன். காயாத ப்ரைமர் அடிப்பூச்சு மேல் ஒரே பூச்சாகக் கெட்டியாக அடித்தால் பெயின்ட் வழியும், உள்ளே காயாது, வெளியே தோல் கட்டும். நான் பிரெட்டுக்குச் செய்தது அதேதான். ஆகவே புதன்கிழமை பிரெட்டைத் துண்டு போட்டு ஜன்னலோரம் தட்டில் பரப்பிக் காய வைத்தேன், கையால் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும் வரைக்கும். வியாழக்கிழமை ஜக்கை ஓரமாகத் தூக்கிப் போட்டேன். பிரிக்காத இரண்டு அங்குல பிரஷ் ஒன்று என் பட்டறைப் பெட்டியில் இருந்தது, அதை வெந்நீரில் போட்டு அலசி எடுத்தேன். பிரஷ்ஷைப் பிடித்ததும் ஒரு விஷயம் நடந்தது பாப்பா. ஸ்ப்ரே கன் பிடிக்கிற மாதிரி முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை நகர்த்தினேன். பழக்க தோஷம், நானாக யோசித்துச் செய்யவில்லை. கை ஆடவில்லை. நேராகப் போயிற்று, நேராக வந்தது. நான்கு துண்டுக்கும் மெல்லிசாக ஒரு கோட் பூச்சு, பத்து நிமிடம் விட்டு இன்னொரு கோட், மறுபடி பத்து நிமிடம். மூன்றாவது பூச்சில் பிரெட் கனத்தது, ஆனால் குழையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, தனியாக அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன், உன் அம்மாவுக்கு இன்றைக்கு வரைக்கும் முழுசாகத் தெரியாது. போன தடவை பாகு பொங்கி வழிந்ததே, இந்தத் தடவை விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று, தட்டின் விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் கீழே செய்தித்தாளை மடித்து மறைத்தேன். கார் கண்ணாடிக்கு மறைப்புக் கட்டுகிற மாதிரி, அவ்வளவு நேர்த்தியாக, ஒரு சுருக்கம் கிடையாது. பெயின்ட் காய வைக்கிற கூண்டுக்குள் டேப்பும் தாளுமாகத்தான் காரை ஏற்றுவோம், அது என் புத்தியில் ஊறிப்போனது. அந்தக் கூண்டு அறுபது டிகிரி. இது நூற்றெண்பது. கால் மணி நேரத்தில் அடுப்படி பூரா புகை, எரிந்த பசை நாற்றம், மாடி வீட்டு நர்ஸம்மா ராத்திரி டியூட்டி முடித்துப் படுத்தவள் தலைவிரி கோலமாக ஓடி வந்து "அங்கிள், என்னத்த எரிக்கிறீங்க"ன்னு கத்தினாள். நான் ஓவனைத் திறந்து காட்டினேன். டேப்பைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள், ஒரு நிபந்தனை போட்டாள், ஞாயிறு அவளுக்கும் ஒரு தட்டு வேண்டும். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து இரண்டு பேரும் அட்டையால் விசிறினோம். சாயங்காலம் உன் அம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு "பட்டறை வாசனை அடிக்குதே" என்றாள். பழைய சட்டையை எடுத்து உதறினேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை, டேப் இல்லாமல், பெரிய தட்டில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழேயே நிறுத்தி. வந்தது பார், அந்த நிறம்! தேன் நிறத்துக்கும் செம்புக்கும் நடுவில், மேலே மினுமினுவென்று. நான் கலந்த எந்தப் பெயின்ட்டும் அப்படி வந்ததில்லை. தின்று பார்த்தேன், நர்ஸம்மாவுக்கும் மேலே கொடுத்தேன், காலித் தட்டு திரும்பி வந்தது. ஆனால் தட்டை ஓவனிலிருந்து மேடைக்கு எடுக்கும்போதே பாகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மேடையில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. ஒரு முழம் தூரத்துக்கே இப்படி. அடுப்படியிலிருந்து மேசைக்குப் பதினோரு அடி எடுத்து வைக்க வேண்டும், நடுவில் ஹாலுக்கு இறங்குகிற அந்தப் படி வேறு. டோஸ்ட் வந்துவிட்டது, தூக்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. வெறும் தட்டில் தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன், தரை பூரா தண்ணீர். சனிக்கிழமை சாயங்காலம் பிரெட்டுக்குக் கோட் அடித்து ஃப்ரிட்ஜில் வைத்தபோது கட்டிலுக்கடியில் இருக்கிற பெட்டிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிறு காலை உன் பெரிய மாமா வந்துவிட்டார், மூக்கில் வேர்த்துவிட்டது. அவர் யார் பக்கம் என்று சொல்லவே வேண்டாம், நாங்கள் வீட்டைக் காலி செய்வோம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே "மச்சான், போறதா இருந்தா அந்தச் சுவர்க் கடிகாரத்த எனக்குக் குடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லி வைத்தவர். வந்ததும் முதலில் கடிகாரத்தைத்தான் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸம்மா சீருடையோடு நேராக வந்து உட்கார்ந்தாள். உன் அம்மா சொன்ன சொல் தவறவில்லை, படுக்கையறையிலிருந்து ஏழரைக்குத்தான் வந்தாள், ஆனால் தூங்கவில்லை என்று கண்ணே சொல்லிற்று. ஓவனிலிருந்து வந்த வாசனை ஹால் பூரா நின்றது, வெண்ணெயும் பட்டைத் தூளும். மாமா இரண்டு தடவை எச்சில் விழுங்கினார், நான் பார்த்தேன்.

பட்டறைப் பெட்டியிலிருந்து கெட்டியான புதுத் தோல் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு தட்டை எடுத்தேன். அடியில் பாகு கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். முதல் மூன்று அடி நன்றாகப் போயிற்று. படிக்கு வந்து நிமிர்ந்தால் மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து கையைப் பார்த்தேன். பார்த்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டது. பாகு விளிம்புக்கு ஏறி வந்தது, இதோ வழியப் போகிறது என்கிற இடத்தில் நின்றது. நானும் நின்றேன். அப்போது எனக்கு கார் இன்ஜின் மேல் மூடி இருக்குமே, அந்த பானட் ஞாபகம் வந்தது பாப்பா. ஈரப் பெயின்ட்டோடு ஒரு பானட்டைத் தூக்கிப் போகும்போது கையைப் பார்க்கவே கூடாது, கையைப் பார்த்தால் எங்கேயாவது இடித்துவிடுவோம். அதை எந்த ஸ்டாண்டில் வைக்கப் போகிறோமோ அந்த ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அப்படித்தான் தூக்கினேன், ஒன்று கூட இடித்ததில்லை. இந்த எட்டு மாதமாக நீங்கள் எல்லாரும் என் கையைப் பார்த்தீர்கள், நீங்கள் பார்க்கிறீர்களே என்று நானும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேன். மேசையில் மரப்பலகை போட்டிருந்தது, அதன் நடுவில் ஒரு கறுப்பு முடிச்சு இருக்குமே, அதைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. படியில் இறங்கினேன், நடந்தேன், வைத்தேன்.

ஒரு சொட்டு இல்லை. மாமா எழுந்து தரையைக் குனிந்து பார்த்தார், மேசைக்கு அடியில் கூடப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் "ஒண்ணுமில்லம்மா"ன்னு உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார், கொஞ்சம் ஏமாற்றம்தான், பாவம் கடிகாரம் போயிற்று அல்லவா. நர்ஸம்மா கை தட்டினாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், எதற்குப் பொய் சொல்ல வேண்டும். கார் நெளிசலில் பட்டி பூசுகிற தகடு ஒன்று புதுசாக இருந்தது, அதால் ஒவ்வொரு துண்டாக எடுத்து, பாகுப் பக்கம் மேலே வருகிற மாதிரி தட்டில் திருப்பிப் போட்டேன். மாமா சப்புக் கொட்டிக்கொண்டு மூன்று துண்டு தின்றார், மூலையில் கொஞ்சம் தீய்ந்ததை அவருக்குத்தான் போட்டேன், அதையும் மிச்சம் வைக்கவில்லை. "மச்சான், அடுத்த ஞாயிறும் உண்டா?" என்று கேட்டார். உன் அம்மா தன் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு துண்டை எடுத்து மெதுவாகத் தின்றாள், இன்னொன்று எடுத்தாள், "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னாள், சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ஒரு வருடத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் அவளுக்கு யாரோ பரிமாறிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஆகவே இதுதான் எங்கள் பதில், நாங்கள் அங்கே குடிவரவில்லை. உன் மேல் எனக்குத் துளிக் கோபம் கிடையாது, நீ பயந்தாய், பாசம் இருப்பதால் பயந்தாய், அது எனக்குத் தெரியாதா. லீவுக்கு ஒரு மாதம் வருகிறோம், வாங்கிய கட்டிலில் படுக்கிறோம், பேரனோடு விளையாடுகிறோம், அப்புறம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறோம். நீ வீடியோவில் சொல்லிக் கொடுத்ததில் இரண்டு குறை இருக்கிறது, திருத்திக்கொள். பிரெட்டை ஒரு நாள் காய வைக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை, ஒரே தடவையாக ஊற்றச் சொன்னாய், அது தப்பு, மூன்று கோட், நடுவில் பத்துப் பத்து நிமிடம். மாப்பிள்ளையிடம் சொல்லு, அவர் பொறுமையாகச் செய்வார், உனக்குப் பொறுமை போதாது, அது என் ரத்தம். காலையில் ஒன்றும் தின்னாமல் வேலைக்கு ஓடாதே. குட்டிப்பயலுக்கு ஷூ சின்னதாகிவிட்டது என்று போட்டோவிலேயே தெரிகிறது, மாற்று. நூல்கண்டுகள் எல்லாம் உன் அம்மா அலமாரிக்குப் போய்விட்டன, ஓவன் இனி என்னுடையது, உறையையும் கழற்றிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் உன் அம்மா டீ போட்டுக் கொண்டு வந்தாள். எல்லாருக்கும் ஊற்றினாள், கடைசியில் என் கப்பை எடுத்தாள். வழக்கம்போல் பாதியில் நிறுத்துவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். என் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமாவிடம் ஏதோ பேச ஆரம்பித்தாள். எடுத்தேன், கொஞ்சம் சாசரில் சிந்திற்று. யாரும் பார்க்கவில்லை. சாசரில் இருந்ததையும் குடித்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த மனதோடு நீண்ட நாள் வாழ வேண்டும், நான் வேண்டிக்கொள்வது அவ்வளவுதான். நாங்கள் வரும்போது மறக்காதே பாப்பா, எனக்கு டீ நீதான் ஊற்ற வேண்டும், முழுசாக ஊற்று.

இப்படிக்கு,
இந்தக் கடிதம் முழுவதையும் தன் கையால் எழுதிய உன் அப்பா